குட்டி வளரவில்லை, வயிறுதான் வளருது: நாடாப்புழு உள்ளே இருந்து என்ன செய்கிறது?

ஒட்டுசுட்டான்_பட்டி | திங்கள், இரவு 8:12

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் பதினொரு ஆடு நிற்கிறது. கார்த்திகை மழைக்கு முன் ஒரு மறி இரட்டைக் குட்டி போட்டது. இரண்டும் பெட்டை. ஒன்று சிவலை, மற்றது கறுப்பி. ஒரே தாய், ஒரே பால், ஒரே கொட்டில். இப்போது நாலு மாதம் ஆகிறது. நேற்று மீன் நிறுக்கிற தொங்கு தராசில் சாக்கைக் கட்டி நிறுத்தேன். சிவலை 9 கிலோ 200. கறுப்பி 6 கிலோ 100.

கறுப்பிக்கு வயிறு மட்டும் பானை மாதிரி. மயிர் மினுக்கமே இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. புழுக்கையோடு அவித்த சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு நாள் பின்பக்கம் ஒரு முழத்துக்கு ரிபன் தொங்கியது. இழுத்தேன், அறுந்துவிட்டது.

ரவுணில் ஒரு கடையில் போய்ச் சொன்னேன். பூச்சி மருந்து என்று ஒரு போத்தல் தந்தார்கள். கொடுத்துப் பத்து நாளாகியும் பருக்கை நிற்கவில்லை. அம்மா சொல்கிறா, "பூச்சி தீனியைத் தின்னுது, தவிட்டைக் கூட வை" என்று. வைத்தேன், சிவலைதான் கொழுத்தது. என்னுடைய கேள்வி இதுதான்: ஒரு புழு மூன்று கிலோ வித்தியாசம் வருகிற அளவுக்குத் தின்னுமா?

சும்மா_சொல்லு | திங்கள், இரவு 8:31

நாடாப்புழுவுக்கு வாயே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். தின்றது புழு இல்லை, கடைக்காரன். உங்கள் காசை.

கால்நடை_மாணவி | திங்கள், இரவு 9:05

சும்மா_சொல்லு அண்ணை சொன்னதில் பாதி சரி. நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தலையால் குடற்சுவரைப் பிடித்துக்கொண்டு, தோலால்தான் சத்தை உறிஞ்சும். கழுத்துக்குப் பின்னால் துண்டம் துண்டமாக வளர்ந்துகொண்டே போகும். கடைசித் துண்டங்களில் முட்டை நிறைந்ததும் கழன்று விழும். அதுதான் நீங்கள் பார்த்த சோற்றுப் பருக்கை. நீங்கள் இழுத்தபோது அறுந்தது வால்தான். தலை உள்ளேயே இருக்கும், திரும்பவும் முளைக்கும்.

ஆட்டுக்குட்டியில் இப்படித் தெரிவது அநேகமாக மொனீசியா. சில மீற்றர் நீளத்துக்கு வளரும். புல்லின் அடியில், மண்ணோடு மண்ணாக ஒரு சின்னச் சிற்றுண்ணி இருக்கிறது. அது முட்டையைத் தின்னும், குட்டி புல்லோடு சேர்த்து அந்தச் சிற்றுண்ணியைத் தின்னும். ஆறு கிழமை போனால் பருக்கை வரத் தொடங்கும்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணை. ஒன்று, போத்தலில் மருந்தின் பெயர். கடைப் பெயர் வேண்டாம். இரண்டு, கறுப்பியின் கீழ் இமையை விரலால் இழுத்து உட்பக்க நிறத்தைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ரோர்ச் வேண்டாம்.

உயிரியல்_ரீச்சர் | செவ்வாய், காலை 5:50

தம்பி, உன் அம்மா சொன்னதைத்தான் நானும் முப்பது வருசம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். "விருந்துவழங்கியின் உணவை ஒட்டுண்ணி பகிர்ந்துகொள்வதால் வளர்ச்சி குன்றும்." பரீட்சையில் இரண்டு புள்ளி கிடைக்கும். ஓய்வுபெற்ற பிறகு ஆறுதலாக வாசித்தபோதுதான் அந்த வசனம் எவ்வளவு சப்பை என்று தெரிந்தது.

ஒரு கதை சொல்கிறேன். 1960களில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஜஸ்டஸ் முல்லர் என்ற ஒட்டுண்ணியியலாளர் ஸ்பைரோமெட்ரா என்கிற நாடாப்புழுவை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். முதிர்ந்த புழு இருப்பது பூனை, நாயின் குடலில். முட்டை தண்ணீரில் விழுந்து பொரிக்கும். பொரித்ததைச் சைக்கிளொப்ஸ் என்கிற, கிணற்றுத் தண்ணீரில் துள்ளித் துள்ளிப் போகும் புள்ளியளவு உயிர் தின்னும். அதைத் தவளையோ எலியோ விழுங்கும். அங்கே குடம்பி, அதாவது இளம்புழு, தோலுக்கடியில் வெள்ளை நூல் மாதிரிக் கிடக்கும். பூனை வந்து தன்னைத் தாங்கியிருக்கும் உடம்பைத் தின்னும் வரை காத்திருக்கும்.

முல்லர் அந்தக் குடம்பியைச் சுண்டெலிகளுக்கு ஏற்றினார். புழு தின்று எலி மெலிய வேண்டும், இல்லையா? எலிகள் பெருத்தன. பக்கத்துக் கூட்டில் புழு இல்லாமல் நின்ற எலிகளை விடப் பாரமாகின.

சரி, கூடத் தின்றிருக்கும் என்று சொல்லலாம். அதற்கும் சோதனை இருந்தது. மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பியை எடுத்துவிட்டால் எலி வளராது. வளர்ச்சி ஓமோன் அங்கிருந்துதான் வருகிறது. அப்படிச் சுரப்பி எடுத்த எலிகளுக்குக் குடம்பியை ஏற்றினால், அவை வளர்ந்தன. வளரச் சொல்லி உத்தரவு போட வேண்டிய சுரப்பி உடம்பில் இல்லை. ஆனால் உத்தரவு வந்துகொண்டிருந்தது. புழுவிடமிருந்து.

(ஆட்டுக்கு விடை இது இல்லை, எனக்குத் தெரியும். மாணவிப் பிள்ளை அதைப் பார்த்துக்கொள்ளும்.)

சும்மா_சொல்லு | செவ்வாய், காலை 7:14

ரீச்சர், எங்கள் வீட்டில் சின்னவன் வயசுக்கு உயரம் காணாது. இரண்டு புழு அனுப்ப முடியுமா? தபாற்செலவு நான் தருகிறேன்.

உயிரியல்_ரீச்சர் | செவ்வாய், காலை 7:40

நக்கல் இருக்கட்டும். புழு செய்வது என்ன என்று விளங்கினால் நீர் கேட்க மாட்டீர்.

உங்கள் கிராம அலுவலரை நினைத்துப் பாருங்கள். அவருடைய முத்திரை குத்திய துண்டைக் கொண்டுபோனால் சங்கக் கடையில் சாமான் தருவார்கள். கடைக்காரர் துண்டைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், முத்திரையைத்தான் பார்ப்பார். கபச்சுரப்பி அலுவலர், வளர்ச்சி ஓமோன் முத்திரை, ஈரலும் எலும்பும் கடை. இப்போது ஊரில் ஒருவன் அந்த முத்திரையைக் கள்ளமாக வெட்டி வைத்துக்கொண்டு துண்டு துண்டாகக் குத்தித் தள்ளுகிறான். கடை சாமானைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அலுவலர் என்ன செய்வார்? துண்டு ஊரில் தாராளமாகப் புழங்குகிறதே என்று தன் முத்திரையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். புழு ஏறிய எலிகளில் நடந்ததும் அதுதான். அவற்றின் சொந்த வளர்ச்சி ஓமோன் குறைந்துபோனது.

இன்னொன்று. மனித உடம்பின் வளர்ச்சி ஓமோன் வாங்கி, அதாவது ஓமோன் சாவி மாதிரி வந்து பொருந்தும் பூட்டு, மிகவும் தெரிவு பார்க்கிற ஒன்று. மாட்டு ஓமோனும் பன்றி ஓமோனும் எங்களில் வேலை செய்யாது. மனித, குரங்கின ஓமோன்தான் பொருந்தும். ஆனால் இந்தப் புழுவின் பொருள் மனித வாங்கியிலும் போய் ஒட்டுகிறது. மாடு வெட்ட முடியாத சாவியைப் புழு வெட்டி வைத்திருக்கிறது. இதை முதலில் வாசித்த அன்று அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக் கூட நான் கவனிக்கவில்லை.

கால்நடை_மாணவி | செவ்வாய், காலை 8:02

அந்தச் சாவியின் கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது ரீச்சர். 1990களில் அந்தப் பொருளைப் பிரித்துப் பார்த்தபோது, அது வளர்ச்சி ஓமோனின் சொந்தக்காரனே இல்லை என்று தெரிந்தது. புரதத்தை வெட்டுகிற ஒரு நொதியம் அது. குடம்பி தசைக்குள் வழி வெட்டிப் போகவும், தன்னைப் பிடிக்க வரும் பிறபொருளெதிரிகளை நறுக்கவும் அது உதவும். கத்தியாக இருக்க வேண்டிய சாமான் சாவியாகவும் வேலை செய்கிறது.

அதனால், புழு எலியைப் பெருக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்கிறதா, கத்தி தற்செயலாகப் பூட்டுக்குள் போனதா என்று ஆளுக்கொரு கருத்துச் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.

ஒட்டுசுட்டான்_பட்டி | செவ்வாய், மாலை 6:20

வேலைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். எலி எல்லாம் சரி, கறுப்பியின் கதையைப் பாருங்கள். போத்தலில் பிப்பரசின் என்று போட்டிருக்கிறது. இமையின் உட்பக்கம் வெள்ளைத் தாள் மாதிரி. சிவலையுடையதையும் இழுத்துப் பார்த்தேன், கொய்யாப்பழத்தின் உள்சதை மாதிரி நல்ல சிவப்பு.

கால்நடை_மாணவி | செவ்வாய், மாலை 6:48

பிப்பரசின் வட்டப்புழுவுக்கு உரியது. நாடாப்புழுவைத் தொடவே தொடாது. பத்து நாள் வீண்.

ஆனால் எனக்கு இப்போது பயம் நாடாப்புழுவில் இல்லை. மொனீசியா இரத்தம் குடிக்காது. இமை வெளிறுகிறது என்றால் இரத்தம் குடிக்கிற ஒன்று உள்ளே இருக்கிறது. அநேகமாக ஈமொங்கசு. நாலாம் இரைப்பையில், நூல் மாதிரி, இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். பெண்புழுவில் வெள்ளைக் குழாயும் சிவப்புக் குழாயும் பின்னல் மாதிரிச் சுற்றியிருக்கும். சிவப்பு, ஆட்டின் இரத்தம். ஒரு பெண்புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். கண்ணுக்குத் தெரியாத முட்டை, அதனால் புழுக்கையைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நாடாப்புழு வெள்ளையாக வெளியே வந்து நின்று தன்னைக் காட்டும். பழி முழுக்க அதன் தலையில் விழும். உண்மையான கள்ளன் உள்ளே இருப்பான். மொனீசியா மிக அதிகமாக ஏறினால்தான் குட்டியில் வயிற்றோட்டமும் வளர்ச்சிக் குறைவும் வரும். குட்டி வளர வளர அநேகமாகத் தானாகவே விழுந்துவிடும்.

நாளைக் காலை புழுக்கையைப் புதிதாக எடுத்து, பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். கறுப்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரத்தம் குறைந்த குட்டியை ஓட்டிப் போக வேண்டாம், தூக்கிக்கொண்டு போங்கள். பட்டியில் சினை மறி நின்றால் முதலே சொல்லுங்கள். அல்பென்டசோல் என்கிற பூச்சி மருந்தைச் சினையின் தொடக்கத்தில் கொடுக்கக்கூடாது.

குளத்துக்காரன் | செவ்வாய், இரவு 9:30

நான் வவுனிக்குளத்தில் வலை போடுகிறவன். வாசித்துக்கொண்டு வந்தேன், ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன் ஒரு சின்னக் கெண்டை. வயிறு வெடிக்கிற மாதிரி. மனிசி சினை இருக்கும், பொரிக்கலாம் என்று ஆசையாக வெட்டினா. சினை ஒரு மணி கூட இல்லை. வெள்ளை நாடா ஒன்று மடிந்து மடிந்து கிடந்தது. வெட்டுப்பலகையில் போட்டதும் மெதுவாக நெளிந்தது. மனிசி அன்றைக்கு மீனே சாப்பிடவில்லை. அதுவும் இந்த வகைதானா?

நோர்வே_முல்லை | புதன், அதிகாலை 1:15

குளத்துக்காரன் அண்ணை, உங்கள் மீனில் இருந்ததைப் படம் கூட இல்லாமல் பெயர் சொல்வது சரியில்லை. ஆனால் ஐரோப்பாவில் இதே கதை உள்ள ஒரு புழு நன்றாகத் தெரிந்தது. லிகுலா. இங்கே குளிர்நாட்டு ஏரிகளில் கெண்டைக் குடும்ப மீன்களின் வயிற்றறையில் நாடாவாகச் சுருண்டு கிடக்கும். குடலில் இல்லை, குடலுக்கு வெளியே.

உங்கள் மனிசி சினை காணாததுதான் விசயமே. லிகுலா ஏறிய மீனில் சூலகமும் விந்தகமும் சரியாக வளராது. புழு நசுக்கியதால் என்று முதலில் நினைத்தார்களாம். சின்னப் புழு இருந்தாலும் அப்படித்தான். கபச்சுரப்பியைப் பார்த்தால், இனப்பெருக்கத்தைக் கிளப்பிவிடும் ஓமோன்கள் அங்கேயே குறைந்திருக்கின்றன. ரீச்சரின் உவமையில் சொன்னால், இங்கே முத்திரை கள்ளமாக வெட்டப்படவில்லை. அலுவலகத்தையே மூடி வைத்திருக்கிறது.

ஏன் என்று யோசித்தால் விளங்கும். சினைக்குப் போக வேண்டிய கொழுப்பும் புரதமும் மிச்சம். மீனும் முட்டையிட்டுக் களைத்துச் சாகாது. நீர்க்காகம் ஒன்று வந்து விழுங்கும் வரை புழுவுக்கு வீடு நிலைத்திருக்கும். பறவையின் வயிற்றுச் சூட்டில் சில நாளிலேயே முட்டை போட்டு முடித்துவிடும். மீனுக்குள் மாதக்கணக்கில் இருந்தது அந்தச் சில நாளுக்காக.

இங்கே இன்னொரு சின்ன மீன் இருக்கிறது, முதுகில் மூன்று முள். அதற்குள் இருக்கும் நாடாப்புழு சிலவேளை மீனின் பாரத்தில் பாதி அளவுக்கு வரும். என் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒன்றை வெட்டிக் காட்டினார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, மீன் புழுவுக்குச் சட்டை மாதிரி" என்றாள்.

குளத்துக்காரன் | புதன், காலை 6:05

புழுவுக்கு மீன் சட்டையா, நல்லது. அப்போ அந்த மீனைச் சாப்பிடலாமா? நாங்கள் மிச்சத்தைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டோம். குடலைப் பூனைக்குப் போட்டோம்.

கால்நடை_மாணவி | புதன், காலை 6:30

நன்றாக வெந்தால் எந்த நாடாப்புழுக் குடம்பியும் செத்துப்போகும், கவலைப்பட வேண்டாம். பச்சைக் குடலைப் பூனைக்கும் நாய்க்கும் போடாதீர்கள். மீனிலிருந்து நாய் பூனைக்குப் போகிற நாடாப்புழுக்கள் இருக்கின்றன.

செட்டிகுளம்_அம்மா | புதன், காலை 10:22

எல்லாரும் ஆடு, மீன் என்று பேசுகிறீர்கள். எனக்குப் பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டும். மகனுக்கு ஒன்பது வயது. வகுப்பில் அவன்தான் கட்டை. பள்ளிக்கூடத்தில் பூச்சிக் குளிசை கொடுத்தார்கள். அது நாடாப்புழுவுக்கும் வேலை செய்யுமா? புழுதான் ஓமோனைக் குறைத்துவிட்டதா? ரீச்சரின் எலிக் கதையை வாசித்து இரவு முழுக்க நித்திரை இல்லை.

உயிரியல்_ரீச்சர் | புதன், காலை 11:10

தங்கச்சி, அந்தக் கதையால் நித்திரை கெட்டதற்கு மன்னிக்க வேண்டும். எலியில் கண்டதைப் பிள்ளையில் தேட வேண்டாம். ஸ்பைரோமெட்ராக் குடம்பி மனிதருக்கு ஏறுவது அரிது. ஏறினாலும் தோலுக்கடியில் கட்டியாக, சிலருக்குக் கண்ணில், மூளையில் என்று வரும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கதை அங்கே இல்லை. கிழக்காசியாவில் பச்சைத் தவளை இறைச்சியைக் கண்ணில் வைத்துக் கட்டும் பழக்கத்தாலும், பாம்பு இறைச்சியை வேகாமல் தின்பதாலும், வடிக்காத தண்ணீராலும் அது வந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், அது போதும்.

பள்ளிக்கூடத்துக் குளிசை முக்கியமாக வட்டப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழுவுக்கு. அவை மூன்றும் மண்ணிலிருந்து வருகிறவை. பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுப்பதில் எங்கள் பக்கங்களில் அவற்றைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கொக்கிப்புழு இரத்தம் குடிக்கும், கறுப்பியின் வயிற்றில் இருப்பதாகச் சந்தேகப்படுகிற புழுவைப் போல.

பிள்ளைகளில் காணும் குட்டி நாடாப்புழு ஒன்றும் உண்டு. இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான். மாடு, பன்றி எதுவும் வேண்டாம், கழுவாத கையிலிருந்து வாய்க்கு நேரே போய்விடும். சந்தேகமென்றால் மலத்தைப் பரிசோதித்துத்தான் மருந்து. அதற்கு மருந்து வேறு.

புழு இருந்தால் வளர்ச்சி ஏன் குறைகிறது என்பதிலும் தீனி ஒரு பங்குதான். குடல் புண்பட்டால் பசி போய்விடும். புண்ணை ஆற்றவும் நோயை எதிர்க்கவும் உடம்பு புரதத்தைச் செலவழிக்கும். சாட்டைப்புழு மிக அதிகமாக ஏறி இரத்தக்கழிச்சல் வந்த பிள்ளைகளில், ஈரலிலிருந்து வரும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி குறைந்திருந்ததைக் கண்டிருக்கிறார்கள். புழுவை அகற்றினால் பிள்ளை எட்டிப் பிடித்து வளரும். இங்கே புழு முத்திரை குத்தவில்லை. ஊரில் குழப்பம் என்று கடை தானாகவே கதவை இழுத்துச் சாத்துகிறது.

உங்கள் மகனைப் புழுவோடு மட்டும் முடிச்சுப் போடாதீர்கள். தகப்பன் எவ்வளவு உயரம்? ஒரு வருசத்தில் எத்தனை சென்ரிமீற்றர் வளர்ந்தான்? கதவுநிலையில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். வருசத்துக்கு 4 சென்ரிமீற்றர் கூட இல்லையென்றால் வைத்தியரிடம் காட்டுங்கள், தைரொயிட்டும் பார்ப்பார்கள். வளர்ந்துகொண்டிருக்கிறான் என்றால் விடுங்கள், கட்டையான ஆட்கள் நாட்டுக்கு வேண்டும். நானும் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு.

செட்டிகுளம்_அம்மா | புதன், காலை 11:31

அவனுடைய அப்பாவும் கட்டைதான். போன பொங்கலுக்குப் போட்ட கோடு இருக்கிறது, இன்றைக்கு அளந்து பார்க்கிறேன். நன்றி ரீச்சர்.

சும்மா_சொல்லு | புதன், பிற்பகல் 2:40

ஓமோன் என்றதும் கேட்கிறேன். புறொயிலர் கோழிக்கு ஓமோன் ஊசி போட்டுத்தான் நாற்பது நாளில் பெருக்க வைக்கிறார்கள் என்று எங்கள் சந்தியில் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த எலியும் இந்தக் கோழியும் ஒன்றா?

கால்நடை_மாணவி | புதன், பிற்பகல் 3:15

இல்லை அண்ணை. வளர்ச்சி ஓமோன் ஒரு புரதம். தீனியில் போட்டால் முட்டைப் பொரியல் மாதிரி செரித்துப் போய்விடும். ஊசி என்றால் ஆயிரம் குஞ்சுக்கும் திரும்பத் திரும்பப் போட வேண்டும், எந்தப் பண்ணைக்காரனுக்குக் கட்டும்? தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த இனமும் கணக்குப் பார்த்த தீனியும்தான் காரணம். ஊர்க்கோழியைப் பற்றிக் கேளுங்கள், அதன் குடலில் நாடாப்புழு நிறையவே இருக்கும். எறும்பையும் வண்டையும் கொத்தித் தின்பதால் வருவது.

நோர்வே_முல்லை | புதன், இரவு 11:50

எறும்பு என்றதும் ஞாபகம் வந்தது. ஜேர்மனிக் காட்டில் ஓக் விதைக்குள் கூடு கட்டும் ஒரு சின்ன எறும்பு இருக்கிறது. மரங்கொத்தியின் எச்சத்தில் இருந்து நாடாப்புழு அதற்கு ஏறும். ஏறிய வேலைக்கார எறும்பு மஞ்சளாகிவிடும். வேலைக்கும் போகாது, கூட்டுக்குள்ளேயே இருக்கும். மற்றவை தீனி கொண்டுவந்து ஊட்டும். 2021இல் வந்த ஆய்வில், மூன்று வருசம் பார்த்தபோது புழு இல்லாத வேலைக்காரிகள் எல்லாம் செத்து முடிந்தன. புழு ஏறியவற்றில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. அரசி எறும்பு மாதிரி ஆயுள். ஆனால் யாராவது கூட்டைப் பிளந்தால் ஓடுவதில்லை, அப்படியே நிற்கும். மரங்கொத்திக்கு வாய்ப்பு.

சும்மா_சொல்லு | வியாழன், காலை 7:02

வேலை இல்லை, சாப்பாடு வாய்க்குள் வரும், ஆயுசு கூட. எங்கள் மச்சானைப் பரிசோதிக்க வேண்டும்.

உயிரியல்_ரீச்சர் | வியாழன், காலை 7:25

மச்சானுக்கு இன்னொரு கதையும் சொல்லும். மெக்சிக்கோவில் டீனியா வகை நாடாப்புழுவின் குடம்பியை ஆண் சுண்டெலிகளின் வயிற்றறையில் ஏற்றிப் பார்த்தார்கள். சில கிழமைகளில் டெஸ்டோஸ்டெரோன் 90 வீதம் குறைந்தது. ஈஸ்ட்ரஜன் 200 மடங்கு கூடியது. பெண் எலியை நாடும் குணமே அவற்றில் போய்விட்டது. அந்தக் குடம்பிக்குப் பெண் எலிதான் நல்ல நிலம், அங்கேதான் வேகமாகப் பெருகும். ஆண் கிடைத்தால் அதையும் தனக்கேற்ற நிலமாகப் பண்படுத்துகிறது.

இதே டீனியாக் குடும்பத்தில்தான் பன்றி நாடாப்புழுவும் இருக்கிறது. மனிதனில் அது மூளையைத் தொடும். அதன் முட்டை வாய்க்குள் போனால் குடம்பி மூளையில் கட்டியாகி வலிப்பு வரும். பன்றி இறைச்சியில் இருப்பது குடம்பி, அதைச் சரியாக வேகாமல் தின்றால் குடலில் நாடாப்புழு. அந்தப் புழுவின் முட்டை மலத்தோடு வந்து கையில் ஒட்டினால்தான் மூளைக்குப் போகும். இரண்டும் இரண்டு வழி, எங்கள் ஆட்கள் எப்போதும் சேர்த்துக் குழப்புவது இதைத்தான். இறைச்சியே தொடாத சைவக்காரருக்கும் வரலாம், பக்கத்து வீட்டின் கை சுத்தமில்லை என்றால்.

ஒட்டுசுட்டான்_பட்டி | வியாழன், இரவு 8:45

புதன் காலை கறுப்பியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். புழுக்கையைக் கரைத்து, உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்தார்கள். என்னையும் பார்க்கச் சொன்னார் அங்கிருந்தவர். முக்கோண மூலை மாதிரி இரண்டு மூன்று, அது மொனீசியா முட்டையாம். மற்றது எங்கே பார்த்தாலும் நீள்வட்டம். வண்டில் கவிழ்ந்து நெல்மணி கொட்டின மாதிரி. எண்ணிவிட்டு அவர் தலையை ஆட்டினார். அதுதான் ஈமொங்கசு வகை.

மருந்து கறுப்பியின் பாரத்தைப் பார்த்துத் தந்தார்கள், இரும்புச்சத்தும் சேர்த்து. இரண்டு கிழமை கழித்துப் புழுக்கையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள், மருந்து உண்மையில் பிடித்ததா என்று பார்க்க. சிவலைக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். இருக்கும், தாங்குகிறது என்றார்.

ஒரு குழப்பம். வாயால் கொடுத்து இரண்டு நாளாகிறது, முழுப் புழு ஒன்றும் வெளியே வரவில்லை.

கால்நடை_மாணவி | வியாழன், இரவு 9:10

வரவேண்டும் என்று இல்லை அண்ணை. நாடாப்புழு பிடியை விட்டதும் குடலுக்குள்ளேயே சிதைந்து செரித்துப் போய்விடும். பருக்கை நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலையில் பனி காயும் வரை பட்டியைத் திறக்காதீர்கள். ஈரப் புல்லின் நுனிக்குத்தான் ஈமொங்கசின் குடம்பி ஏறும்.

ஒட்டுசுட்டான்_பட்டி | வியாழன், இரவு 9:22

எங்கள் அப்பப்பாவும் அதைத்தான் சொல்லுவார், பனிப்புல்லு மேயவிடாதே என்று. நான் குளிருக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒட்டுசுட்டான்_பட்டி | மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, காலை 9:40

பருக்கை ஐந்தாம் நாளோடு நின்றது. இரண்டாம் முறை கொண்டுபோன புழுக்கையில் முட்டை இரண்டே இரண்டு. இமை இப்போது வெளிர் ரோஸ் நிறம். இன்றைக்கு நிறுத்தேன்: கறுப்பி 7 கிலோ 400. சிவலையை நிறுக்க முடியவில்லை, சாக்குக்குள் உதைத்துத் தராசின் கொளுக்கியை வளைத்துவிட்டது. குளத்துக்காரன் அண்ணை, அந்தத் தராசு எங்கே வாங்குவது?

குளத்துக்காரன் | ஞாயிறு, காலை 10:05

மாங்குளச் சந்தையில் கிடைக்கும். 25 கிலோ கொளுக்கி உள்ளதாக வாங்கும், அடுத்த மாதம் கறுப்பியும் உதைக்கத் தொடங்கும்.